பஸ் ஓடாத நாள்

போன வாரம் அலோர் ஸ்டாரிலிருந்து புதுக் காலண்டர் வந்து சேர்ந்தது. வழக்கம்போல் பஸ் முதலாளி அதைத் தன் பஸ்ஸிலேயே போட்டு அனுப்பியிருந்தார். சுங்கைப்பட்டாணி நிலையத்தில் போய் வாங்கி வந்து, ரப்பர் வளையத்தைக் கழற்றி விரித்ததும் அச்சு மை வாசனை அறை முழுக்கப் பரவியது. படத்தில் இந்த முறையும் அவருடைய பஸ்தான். பெயிண்ட் மட்டும் புதிது. "இவருக்கு வேற படமே கெடைக்காதா?" என்று வருஷா வருஷம் நீ கேட்பாய். இந்தத் தடவை கேட்க ஆளில்லாததால் நானே கேட்டுக்கொண்டேன். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைகளை வட்டமிட உட்கார்ந்தேன். அது உன் வேலை, தெரியும். உனக்கு வருகிற மாதிரி எனக்கு வட்டம் வட்டமாக வரவில்லை.

சுங்கைப்பட்டாணி பாக்கார் ஆராங்கில் ரொட்டி சானாய் கடைக்கு மேல்மாடியை நாம் வாடகைக்கு எடுத்தபோது நம்மிடம் இருந்தது இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, உன் வாய். வலைத்தளம் செய்து தருகிறோம் என்று பலகை மாட்டினோம். பூக்கடை, கல்யாணச் சமையல்காரர், டியூஷன் சென்டர் என்று சின்னச் சின்ன வேலைகளாக வந்துகொண்டிருந்தன. நான் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்தவள் என்பதால், "எப்ப திரும்பி வேலைக்குப் போற?" என்று வீட்டில் தினமும் கேட்டார்கள். பஸ் முதலாளி வந்த பிறகுதான் அந்தக் கேள்வி நின்றது. கோலாலம்பூர் பஸ்ஸுக்கான டிக்கெட்டை இணையத்தில் விற்க வேண்டும் என்றார். நம் கடைக்கு அவர்தான் முதுகெலும்பு. இன்றைக்கும் அப்படித்தான்.

சர்வர் என்றால் என்ன என்று செர்டாங்கிலிருந்து வந்திருந்த உன் அம்மா கேட்டதும், நீ சொன்ன பதிலும் இன்னும் காதில் இருக்கிறது. "அது கவுண்டர்ல உக்கார்ற ஆளு மாதிரிம்மா. யாரு வந்து எந்தப் பக்கத்தக் கேட்டாலும் எடுத்துக் குடுக்கும். அவ்ளோதான் லா." உன் அம்மா சற்று யோசித்துவிட்டு, "அதுக்குச் சம்பளம் உண்டா?" என்றார். அன்று நீ சிரித்த சிரிப்பில் கீழ்க்கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

அந்தக் கவுண்டருக்கு எந்த மென்பொருளை உட்கார வைப்பது என்பதில்தான் நமக்குள் முதல் சண்டை. உனக்கு அப்பாச்சி. படித்த காலத்திலிருந்து அதோடுதான் குடித்தனம். அதன் அமைப்புக் கோப்பில் எந்த வரி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய். எனக்கு எஞ்சின் எக்ஸ். தீபாவளிக்கு முந்தைய வாரம் எல்லோரும் ஒரே நேரத்தில் டிக்கெட் தேட, நாம் அப்பாச்சியை அமைத்திருந்த விதத்தில் பக்கம் திறக்கவே நெடுநேரம் எடுத்தது. ஆளுக்கு ஒரு பணியாளாக நிறுத்துவதைவிட, ஒரே பணியாள் பல பேரைக் கவனிக்கிற ஏற்பாடுதான் நமக்குத் தோது என்று நான் வாதாடினேன். ஒப்பிட்டு எழுதிய கட்டுரைகளையெல்லாம் உன் முன்னால் திறந்து வைத்தேன்.

நீ ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. "எது வேகம்னு எல்லாரும் கேக்கறாங்க. ஒடஞ்சா எத உனக்குச் சரி பண்ணத் தெரியும்? அத மொதல்ல கேளு."

"எனக்கு எஞ்சின் எக்ஸ் தெரியும்."

"எனக்குத் தெரியாதே."

அன்று பூராவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை பார்த்தோம். ரொட்டிகூட ஆளுக்கொரு மேசையில்தான். மறுநாள் நீயே வழி சொன்னாய். முன்வாசலில் எஞ்சின் எக்ஸ் நிற்கட்டும். படம், கால அட்டவணை எல்லாவற்றையும் அதுவே எடுத்துக் கொடுக்கட்டும். டிக்கெட் வாங்குகிற வேலையை மட்டும் பின்கட்டில் இருக்கும் அப்பாச்சியிடம் அனுப்பட்டும். "முன்னால ஒன்னுது, பின்னால என்னுது. சண்ட முடிஞ்சுதா?" பிற்பாடுதான் தெரிந்தது, உலகத்தில் நிறைய பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். நீ சமாதானத்துக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மாற்றுவதற்கு நாள் பார்த்ததும் நீதான். "வெள்ளிக்கெழம ஊரே லீவு. யாருடி வரப் போறா? காலையிலேயே முடிச்சிடலாம்." நானும் தலையாட்டினேன். கெடா மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு வெள்ளி என்றால் விடுமுறைதானே. அன்று காலை அப்பாச்சியை முன்வாசலிலிருந்து பின்கட்டுக்கு நகர்த்தினோம். முன்வாசலுக்கு எஞ்சின் எக்ஸைக் கூப்பிட்டுவிட்டு, லீவு நாள்தானே என்று அது வந்து நின்றதா என்றுகூடப் பார்க்காமல் கீழே பசியாறப் போனோம். கோப்பில் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்திருந்தோம். எஞ்சின் எக்ஸ் எழவே இல்லை. முன்வாசலில் யாருமே இல்லாத கடையாகிப் போனது நம் தளம்.

இரண்டாவது ரொட்டி வந்தபோது முதலாளி அழைத்தார். "ஏம்மா, கேஎல்ல இருக்கற நம்ம புள்ளைங்க டிக்கெட் எடுக்க முடியலன்னு போன் மேல போன் போடறாங்க. கடைய மூடிட்டீங்களா?"

கோலாலம்பூரில் வெள்ளி வேலை நாள். சனி, ஞாயிறுக்கு ஊருக்கு வருகிற கெடாப் பிள்ளைகள் எல்லாம் அன்று காலைதான் மாலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுப்பார்கள். வாரத்திலேயே கூட்டமான நேரத்தைத் தேடிப் பிடித்து நாம் கடையைச் சாத்தியிருந்தோம். இதில் உன் அக்கா வாழ்க்கைப்பட்டதே ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாநிலத்தில். அவளுக்கு ஞாயிறு லீவு, உங்கள் வீட்டுக்கு வெள்ளி லீவு. சனிக்கிழமை ஒன்றில்தான் குடும்பம் சேர்ந்து சாப்பிட முடியும் என்று என்னிடம் எத்தனை முறை அலுத்துக்கொண்டிருப்பாய். உனக்கே அது அன்று ஞாபகம் வரவில்லை.

மறுநாள் இருவரும் அலோர் ஸ்டார் போனோம். வேலை போய்விடும் என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டே நான் காடியை ஓட்டினேன். நீ சுற்றி வளைக்கவில்லை. "மொதலாளி, நாங்கதான் நிறுத்திட்டோம். லீவு நாள்ல யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சிட்டோம்." அவர் எழுந்து சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி நம் முன்னால் மேசையில் போட்டார். "பஸ் ஓடாத நாள் ஒன்னு இருந்தா நீயே காட்டும்மா. அன்னைக்குச் செய்யி." நீ உண்மையிலேயே ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாய். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வரும்போது அந்தக் காலண்டர் நம் காடியின் பின் இருக்கையில் கிடந்தது.

அப்படி ஒரு நாள் கிடையாது என்பதால், ஓடும்போதே மாற்றக் கற்றுக்கொண்டோம். முதலில் கோப்பைச் சோதிக்கும் கட்டளை. அது சரி என்று சொன்னால் மட்டும் அடுத்தது. சர்வரை நிறுத்தித் தொடங்குவதற்குப் பதில், புது அமைப்பைப் படிக்கச் சொல்ல வேண்டும். புதுப் பணியாட்கள் வந்து புது ஆட்களைக் கவனிப்பார்கள். பழைய பணியாட்கள் புதிதாக யாரையும் ஏற்காமல், கையில் இருப்பவர்களை முடித்து அனுப்பிவிட்டுத் தாங்களும் போய்விடுவார்கள். வாசலில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. முதன்முறை அது நடந்தபோது நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எவ்ளோ மரியாதையாப் போவுது பாரேன்" என்றாய். வெள்ளிக்கிழமைகளைத் தொடக்கூடாத நாள் என்று அந்தக் காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டாய். மாற்றம் செய்கிற கிழமையையும் மாற்றினோம். கெடாவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலை நாளான புதன்கிழமை, எல்லோரும் விழித்திருக்கும் காலை நேரம்.

உனக்கு நோய் என்று தெரிந்த பிறகும் நீ அப்படித்தான் செய்தாய். "எனக்குப் புதுசா எதுவும் வாங்காத. கையில இருக்கறத முடிச்சிடறேன்." பூக்கடையை முடித்தாய், டியூஷன் சென்டரை முடித்தாய். சமையல்காரரின் தளத்தை மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து முடித்தாய். எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. "அப்பாச்சிய ஒனக்குச் சொல்லித் தரட்டா?" என்று ஒரு மாலை கேட்டாய். "நீயே வந்து பாத்துக்க" என்றேன். நீ சிரித்துவிட்டு, டீயைக் குடித்து முடித்தாய்.

நீ போன பிறகு பின்கட்டுப் பக்கமே நான் போகவில்லை. நல்லவேளையாக அது ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் காலண்டர் வந்து சேர்ந்ததா என்று கேட்க முதலாளி அழைத்தார். பேச்சோடு பேச்சாக, "சீனப் பெருநாள் கூட்டம் வருது. ஒத்தையாப் பாத்துக்குவியாம்மா? கேஎல்ல ஒரு கம்பெனி கேக்கறாங்க. முடியலன்னா சொல்லு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார். முடியும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் உன் கேள்வி முன்னால் வந்து நின்றது. ஒடஞ்சா எத உனக்குச் சரி பண்ணத் தெரியும்? முன்வாசல் தெரியும். பின்கட்டு தெரியாது. கூட்ட நேரத்தில் அது நின்றுவிட்டால் உன்னைக் கூப்பிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி கிடையாது. உன் பேச்சைக் கேட்பதென்றால் உன் அப்பாச்சியை எடுத்துவிட வேண்டும். அதை வைத்துக்கொள்வதென்றால் உன் பேச்சைத் தட்ட வேண்டும். "அடுத்த புதன் வரைக்கும் பொறுங்க மொதலாளி, பதில் சொல்றேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாள் இதிலேயே கிடந்தேன்.

இன்று புதன். டிக்கெட் வேலையையும் அப்பாச்சி வழியாக அல்லாமல் எஞ்சின் எக்ஸே நேராக டிக்கெட் நிரலிடம் ஒப்படைக்கும்படி எழுதி வைத்திருந்தேன். சோதித்தேன். ஓர் அடைப்புக்குறி திறந்து கிடக்கிறது என்றது. உன்னை நினைத்துக்கொண்டு மூடினேன். மறுபடி சோதித்தேன், சரி என்றது. புது அமைப்பைப் படிக்கச் சொன்னேன்.

உன் அப்பாச்சியின் பதிவுக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதிதாக யாரும் அதனிடம் வரவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களின் வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக ஒரே ஒரு வரி: கோலாலம்பூரிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு ஓர் இருக்கை. அந்த ஆளின் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு அது சும்மா இருந்தது. உடனே நிறுத்தும் கட்டளை ஒன்று உண்டு. அதை நான் தொடவில்லை. முடித்துவிட்டுப் போகச் சொல்லும் கட்டளையைத்தான் கொடுத்தேன். போய்விட்டது. அப்போதுதான் அழுதேன், கொஞ்ச நேரம்.

பிறகு முதலாளியை அழைத்தேன். "பாத்துக்குவேன் மொதலாளி. எல்லாம் மாத்தி முடிச்சாச்சு."

"எப்பம்மா?"

"இப்பத்தான்."

"நான் காலையிலேருந்து கவுண்டர்ல பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஒன்னும் நிக்கலியே."

அவர் சொன்னதை உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உன் கேள்வி என்னிடம் இருக்கிறது, சிவப்புப் பேனாவும் இருக்கிறது. தளம் சரியாக ஓடுகிறதா என்று இன்னும் ஒருமுறை திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கீழே பசியாறப் போனேன்.