சாகாத பிள்ளைகளின் சட்டை அளவு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நலம். உன் முகவரி எங்களிடம் இல்லாததால் பதிப்பகத்துக்கு அனுப்புகிறேன்.

நீ எழுதும் கதைப் புத்தகத்தின் ஆறாம் பாகம் வந்தது. வழக்கம்போல் உள்ளே ஒரு வரி கடிதம் இல்லை. சாகாத பிள்ளைகள் மறுபடியும் வீட்டைவிட்டு ஓடுகிறார்கள். இந்தப் பாகத்தில் அவர்களுக்கு வாய்த்த அம்மாவும் முதல் அத்தியாயத்திலேயே போய்ச் சேருகிறாள். முதலில் காய்ச்சல், பிறகு வெள்ளம், இப்போது மாடிப்படி. ஏனப்பா, அம்மா உயிரோடு இருந்தால் கதை நகராதா?

பள்ளிச் சீருடை தைத்தே காலத்தை ஓட்டியவள் கேட்கிறேன். முந்நூறு வருடமாக ஓடுகிறவர்களுக்குத் துணி தைப்பது யார்? மூன்றாம் பாகத்தில் முள்வேலியில் கிழிந்த சட்டை நான்காம் பாகத்தில் எப்படி ஒட்டிக்கொண்டது? கடைக்குட்டிக்கு முதல் பாகத்தில் ஆடிய பல் இன்னும் ஆடுகிறது. மந்திரவாதி இருக்கிறான், பேசும் ஓநாய் இருக்கிறது, பல் பிடுங்க ஒரு ஆள் இல்லை.

அப்பா படிக்கவில்லை என்றுதான் சொல்கிறார். குளியலறையில் புத்தகம் ஈரமாகக் கிடக்கிறது. எல்லாப் பாகத்திலும் வரும் நோட்டு எரிக்கிற அரக்கன் யார் என்று அவருக்குத் தெரியும். "அவன் கதை எழுதின ஒரே ஒரு நோட்டுதான் கிழிச்சேன், ஆறு புத்தகத்துல வறுத்தெடுக்குறான்" என்று புலம்பினார். "அன்னைக்கே அவன்கிட்ட தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். சாமான் கட்டும்போது அந்த நோட்டு அவர் சட்டைகளுக்கு அடியில் கிடைத்தது. தாள் தாளாக ஒட்டி வைத்திருக்கிறார். பக்க வரிசைதான் தாறுமாறு.

சாமான் கட்டுவது ஏன் என்று கேட்பாய். வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். மாதக் கடைசியில் காலி செய்கிறோம். கடைசிப் பாகத்தில் மூத்தவன் வீடு திரும்புவான், கதவைத் திறப்பது யாரோ ஒருவராக இருக்கும் என்று பேட்டியில் சொன்னாயாமே. கேள்விப்பட்டதும் எரிச்சலாக வந்தது. நீ தாமதித்தால் அது நிஜமாகிவிடும். புது முகவரி பின்பக்கம் இருக்கிறது.

நீ ஓடிப்போன அன்று மெஷினில் இருந்த சட்டையும் கிடைத்தது. பதினாறு வயது அளவு. வளர்கிற பிள்ளை என்று இரண்டு அங்குலம் உள்ளே மடித்து விட்டிருந்தேன். பிரித்துப் பார்த்தேன். பதினொரு வருடத்துக்கு அது எந்த மூலைக்கு?

உன் கதைப் பிள்ளைகள் வளராமலே இருக்கட்டும். நீ வளர்ந்திருப்பாய். புதுத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், வெட்டவில்லை. கடிதத்தில் அளவு எழுதி அனுப்பாதே, அப்படித் தைத்தால் தோளில் நிற்காது. ஆள் நேரில் வர வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

இன்னும் சாகாத,
உன் அம்மா