அமாவாசைக்கு விடுமுறை

டிசம்பர் 8, திங்கள்

அறை இரண்டும் இன்றும் காலி. காவலூர் வானாய்வகத்துக்கு நட்சத்திரம் பார்க்க வருகிறவர்கள் தங்குவார்கள் என்று நான்தான் அடம்பிடித்துக் கட்ட வைத்தேன். வந்தவர்கள் பார்த்துவிட்டு மலையிறங்கிப் போய்விடுகிறார்கள். இன்று அத்தை அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மாசி பொறந்தா புளி எறங்கும். அதுக்குள்ள ஆள் வந்தா உன் லாட்ஜு. இல்லன்னா என் புளிக்கு" என்றார்.

அவர் மகன் குணசீலன், என் வீட்டுக்காரர், யார் பக்கமும் சேரவில்லை. ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஜீப் பளபளவென்றுதான் இருக்கிறது.

டிசம்பர் 11, வியாழன்

செங்கத்துப் புவனாவுக்கு போன் போட்டேன். எங்கள் வலைதளத்தைச் செய்து கொடுத்தவள். "உன் சைட்டு மனுசங்களுக்குப் புரியுது, தேடற மெஷினுக்குப் புரியல. அது படிக்கற மாதிரி தனியா எழுதி வைடி" என்கிறாள். பெயர், ஊர், போன், எத்தனை அறை, எந்த நாள் திறப்பு, எந்த நாள் மூடல், எல்லாம் தனித்தனியாக. பக்கத்தில் தெரியாதாம், உள்ளே இருக்குமாம். ஸ்கீமா என்று பெயர். கல்யாணத் தரகரிடம் கொடுக்கிற குறிப்பு மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

டிசம்பர் 13

ஒரு கமா விட்டுப்போச்சு. ஒரே ஒரு கமா. அதைத் தேடி மூன்று மணி நேரம்.

டிசம்பர் 14, ஞாயிறு

முடித்தேன். சோதித்ததில் பிழை இல்லை என்று பச்சையாக டிக் விழுந்தது. விடுமுறை நாட்களையும் கேட்டிருந்தது. வருடம் முழுக்கத் திறந்திருப்போம், அமாவாசை தவிர. அன்றைக்கு இங்கே யாரும் ஏர் பூட்ட மாட்டார்கள். அத்தை லாட்ஜை மட்டும் திறக்க விடுவாரா? காலண்டரைப் பார்த்து, அடுத்த வருடம் முடிய எல்லா அமாவாசையையும் தேதி தேதியாக ஏற்றினேன். என் பொறுப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

டிசம்பர் 29

தேடினால் இப்போது எங்கள் பெயர்தான் மேலே வருகிறது. போன்தான் வரவில்லை. அத்தை கோணிகளை வெயிலில் காயப்போடுகிறார். எனக்குக் கேட்கும்படி உதறுகிறார்.

ஜனவரி 6, செவ்வாய்

போன் வந்தது. வேலூரிலிருந்து வெற்றிச்செல்வன் என்று ஒருவர். தொலைநோக்கி வைத்திருக்கிற நண்பர்கள் குழுவாம். "ஏங்க, நிலா இல்லாத அன்னிக்குத்தான் நட்சத்திரம் நல்லா தெரியும். எங்க ஆளுங்க தேடறதே அந்தத் தேதியத்தான். கரெக்டா அன்னிக்கு மட்டும் மூடியிருக்கும்னு காட்டுது. வேணும்னே பண்றீங்களா?"

ஐயோ. நான் இன்னா பண்ணி வெச்சிருக்கேன்? வர்றவங்களை எல்லாம் நானே தேதி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கேன் –

பதினெட்டாம் தேதிக்கு எட்டுப் பேர் வரத் தயாராம். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்குத் தை அமாவாசை. அத்தையிடம் யார் கேட்பது? குணசீலன் ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

ஜனவரி 7

கேட்டுவிட்டேன். அத்தை சாமை புடைப்பதை நிறுத்தவே இல்லை.

"அமாவாசைல ஏர் பூட்டக் கூடாதும்பாங்க. வூட்டுக்கு வர்றவங்களுக்குச் சோறு போடக் கூடாதுன்னு எவன் சொன்னான்? படையல் போட்டா நாலு பேருக்குப் போட்டுட்டுத்தான் நாம்ப துன்னணும்."

"நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு நெனச்சேன் அத்தை."

"என்னைக் கேட்டியா? நீயா எழுதிக்கின."

வெட்கமாகப் போய்விட்டது. கல்யாணமாகி வந்து மூன்று வருடமாக, அத்தை என்ன சொல்வார் என்பதை நானேதான் எழுதிக்கொண்டு வருகிறேன். ஒரு தடவைகூட அவரைக் கேட்டதில்லை.

அமாவாசைத் தேதிகளை எல்லாம் அழித்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

மறைந்த மாமாவுக்குப் படையல் போட்டபின் எட்டு இலை. வடை, பாயசம். அத்தையே பரிமாறினார். "எங்க வூட்டுக்காரர் பேரால துன்றீங்க, எலைல மிச்சம் வைக்கக் கூடாது" என்று வெற்றிச்செல்வனை மிரட்டி மூன்று தடவை சோறு போட்டார். பாவம், அந்த ஆள் குனிய முடியாமல் எழுந்தார்.

பிப்ரவரி 16, திங்கள்

புளி இறங்கியது. பதினாறு மூட்டை. நாளை அமாவாசை, இரண்டு அறைக்கும் ஆள் வந்தாயிற்று. மூட்டைகளை எங்கே வைப்பது என்று அத்தையைக் கேட்டேன். இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன்.

"உங்க ரூம்ல போடு. நீங்க ரெண்டு பேரும் மொட்ட மாடில படுத்துக்கங்க. அவனவன் வேலூர்லருந்து வந்து பாக்கறான், உங்களுக்கு இன்னா?"

குணசீலன் பாயையும் இரண்டு கம்பளியையும் எடுத்துக்கொண்டு படியேறிக்கொண்டிருக்கிறார்.