நனையாத இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? தம்பியைக் கேட்டால் மழுப்புகிறான், நீங்களே எழுதுங்கள்.

என்னதான் வேலை என்று கேட்டிருந்தீர்கள். அலுவலகக் கூடத்தில் யார் எங்கே கால் வைத்தாலும், தரையில் பதித்த கருவி வழியாகக் கணினிப் படத்தில் அதே இடத்தில் ஒரு புள்ளி விழும். சிமெண்டுத் தரையில் தூறல் ஊறுவது போல அந்தப் புள்ளிகளை மெல்லப் பரவ விடுவோம். அவை ஒன்றோடொன்று ஒட்டும்போது நடுவே நனையாத இடங்கள் மிஞ்சும். சட்டென்று மூடிக்கொண்டால் அது தற்செயல். நெடுநேரம் மூடாமல் நிற்கும் ஓட்டைதான் நிஜம்; அங்கே யாரும் கால் வைப்பதில்லை என்று அர்த்தம்.

போன வாரம் நாற்காலி அகலத்துக்கு ஓர் ஓட்டை, மூடவே இல்லை. போய்ப் பார்த்தேன், வெறும் தரை. ஆனால் எல்லாரும் அதைச் சுற்றித்தான் போகிறார்கள். பக்கத்து மேசை அக்காவும் சுற்றி வந்தார். கேட்டால், "நான் நேராத்தானே வந்தேன்!" என்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நானே அங்கே போய்க் கால்மணி நேரம் நின்றேன். மறுநாள் பார்த்தால் ஓட்டை அப்படியே இருக்கிறது. என் புள்ளி ஒன்றுகூட விழவில்லை. அக்காவிடம் சொன்னேன். "நேத்து நீ லீவுன்னுல்ல நெனச்சேன்" என்றார். என்னை ஒட்டித்தான் அவர் நாலு தடவை போனார். கருவிக் கோளாறாக இருக்கும், கவலைப்படாதீர்கள்.

கறுப்புக் கோட்டுக்கு இரண்டு பொத்தான் அனுப்புங்கள். அலுவலக வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். அடுத்த முறை போனில் 'பாப்பா' வேண்டாம் அப்பா; என் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடுங்கள்.

உங்கள் மகள்