கிளெமென்றைப் பற்றி விசாரித்தவர்கள்

1946 யூன் 3, திங்கள்

மத்தியானத்துக்குள் கந்தோர் போனில் இருபத்தாறு அழைப்புகள். அதில் பதினொன்றுக்கு "துரை இல்லை" என்றேன். துரை கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் காலை மேசையில் நீட்டிப் போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வில்மொட் துரைக்கு மூன்று வகை இல்லாமை உண்டு. காப்புறுதிக்காரருக்கு அவர் கூட்டத்தில். தேயிலைத் தரகருக்கு அவர் துறைமுகத்தில். மனைவிக்கு அவர் தரகரோடு. யாருக்கு எது என்று ஒரு துண்டில் எழுதித் தந்திருக்கிறார். போன மாதம் துரையின் மனைவி, நோனாவிடம் மறதியாகத் "துறைமுகத்தில்" என்றுவிட்டேன். இரண்டு நாள் துரை என் முகம் பார்க்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். "எத்தனை பொய் மகள்?" என்று சுவாமியார் கேட்டார். "கிழமைக்கு ஐம்பது வரும் சுவாமி." உள்ளே கதிரை கிரீச்சிட்டது. பிறகு, "கந்தோர்ப் பொய் வேற, சொந்தப் பொய் வேற. சொந்தத்தை மட்டும் சொல்லு" என்றார். பின்னால் வரிசை நீளம். பாவம், அவருக்கும் பசிக்கும்.

சொந்தப் பொய் என்னிடம் ஒன்றுதான். வீட்டில் நான் டைப்பிஸ்ட். அண்ணா என்னைக் கொழும்புக் கோட்டைக்கு வேலைக்கு விடும்போதே, "வெளி ஆம்பிளையளோட கதை பேச்சு இல்லையெண்டாப் போ" என்றுதான் விட்டார். டைப் அடிக்கத்தான் எடுத்தார்கள். போன் பார்த்த பறங்கிப் பெண் கலியாணம் கட்டிக் கப்பலேறியதும் என்னை அந்தக் கதிரையில் இருத்திவிட்டார்கள். இப்போது ஒரு நாளைக்கு நாற்பது வெளி ஆம்பிளையளோடு கதைக்கிறேன். ஒருவருடைய முகமும் தெரியாது என்பதால் அண்ணாவின் சட்டத்தை முழுதாக மீறவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

யூன் 5, புதன்

ஷிப்பிங் பகுதி கிளெமென்ற் இன்றும் என் பென்சிலை வாங்கிக்கொண்டு போனார். அவருடைய மேசையில் ஆறு பென்சில் கிடக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

ஏன் எண்ணினேன்?

யூன் 11, செவ்வாய்

முன்பெல்லாம் பெண் வீட்டார் மாப்பிள்ளையை விசாரிக்கக் கந்தோர் வாசலுக்கு வருவார்களாம். பியோனைப் பிடித்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, பொடியன் குடிப்பானா, நேரத்துக்கு வருவானா என்று கேட்பார்கள். இப்போது மருந்து விற்கிற பாமசியிலிருந்து ஒரு போன் போதும். தேத்தண்ணிச் செலவும் இல்லை.

இதற்கென்று எங்கள் ஹெட் கிளாக் நாகமணி ஒரு சட்டம் போட்டிருக்கிறார். போனுக்குக் கீழே கண்ணாடிக்குள் எழுதி வைத்திருக்கிறார்: உத்தியோகத்தரைப் பற்றி வெளியாருக்கு ஒரு சொல்லும் சொல்லலாகாது. நான் அந்தச் சட்டத்தைப் பெரிதாக மதித்ததில்லை. பியோன் சுடலைமுத்துவைப் பற்றிப் பெண் வீட்டார் போனில் கேட்டபோது, "தங்கமான ஆள், வெத்திலைகூடப் போடமாட்டார்" என்றேன். அன்று அவர் வாய் சிவக்கச் சிவக்க என் முன்னால்தான் நின்றார். தையில் கலியாணமும் முடிந்தது.

இன்று ஒரு மனிசி. "உங்கட கந்தோரில கிளெமென்ற் எண்டு மட்டக்குளித் தம்பி ஒராள் இருக்கிறாராம். ஆள் எப்பிடி பிள்ளை?"

நல்லவர் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"மன்னிக்க வேணும். எங்கட உத்தியோகத்தரைப் பற்றி நாங்க போனில ஒண்டும் சொல்லுறதில்லை."

 "ஓ... அப்பிடியா. விளங்குது பிள்ளை, விளங்குது." வைத்துவிட்டார்.

அவருக்கு என்ன விளங்கியது என்று எனக்கும் விளங்கியது. சட்டப்படிதான் நடந்தேன். நாகமணி பக்கத்தில் நின்றிருந்தால் பாராட்டியிருப்பார்.

யூன் 27, வியாழன்

இன்னொரு வீடு, கொச்சிக்கடையிலிருந்து. அதே கேள்வி. அதே சட்டம். இந்த முறை நாக்கு தடுக்கவில்லை.

யூலை 9, செவ்வாய்

மூன்றாவது. ஒரு வயசாளி. முதலிலிருந்து கடைசிவரை இங்கிலீசு, பென்சன் எடுத்த உத்தியோகத்தரின் இங்கிலீசு. லைன் கரகரத்துக்கொண்டே இருந்தது. இடையிடையே இருமல்.

தம் உறவில் ஒரு பிள்ளை இருக்கிறதாம். நல்ல குணமான பிள்ளையாம், கொஞ்சம் வாய்த் துடுக்காம். பையனின் வீட்டிலிருந்தே கேட்டு வந்திருக்கிறார்களாம். பையனுக்குப் பிள்ளையை மிகவும் பிடித்திருக்கிறதாம். கந்தோரில் அவர் எப்படி என்று மட்டும் சொன்னால் போதுமாம்.

பையனுக்குப் பிடித்திருக்கிறதாம்! எனக்கு அந்த இடத்தில்தான் பற்றியெரிந்தது. சட்டத்தை இங்கிலீசில், மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். வயசாளி நன்றி சொன்னார், மரியாதையாக வைத்தார்.

யாரோ ஒரு வாய்த் துடுக்குக்காரி தப்பினாள்.

யூலை 17, புதன்

இன்று கிளெமென்ற் பென்சில் கேட்டு வரவில்லை. நானே போய்க் கொடுத்தேன். முகம் செத்துப்போயிருந்தது.

"என்ன சுகமில்லையா?"

"சுகத்துக்கென்ன. மூண்டு இடம் பேசி, மூண்டும் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டுது. அம்மா நேர்த்தி வைக்கிறா. என்னில என்ன பிழை எண்டு ஒருத்தரும் சொல்லுறாங்களில்லை." பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே, "முதல் ரெண்டையும் விடுங்க. கடைசி இடம் நானா ஆசைப்பட்டுக் கேட்டது. அதுவும் சரிவரேல்ல" என்றார். என்னை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தார், ஏதோ நான் பதில் வைத்திருப்பதுபோல.

 "கடவுள் விட்ட வழி" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. கடவுள் பாவம், அவர் போன் பக்கமே வரவில்லை.

வீட்டுக்கு வரும் ட்ராமில் அழுகை வந்தது. ஒரு நல்ல மனிசனை ஊரெல்லாம் சந்தேகப்பட வைத்திருக்கிறேன். எதற்கு? எனக்கு அவரைப் பிடிக்கும், அதற்கு. இதை எழுதிவிட்டேன். எழுதினால்தான் என்ன, இந்தக் கொப்பியை யார் பார்க்கப்போகிறார்கள். பிடிக்கும் என்றால் வாயைத் திறந்து சொல்ல வேணும், இல்லையென்றால் பொத்திக்கொண்டு இருக்க வேணும். நான் ரெண்டும் செய்யேல்ல. கெட்ட சிறுக்கி நான்.

இனி யார் கேட்டாலும் உண்மையைச் சொல்வேன். அந்தோனியார் மேல் சத்தியம்.

யூலை 23, செவ்வாய்

சத்தியத்துக்கு ஆறு நாள்தான் தவணை கொடுத்தார் அந்தோனியார், இன்றே சோதித்துவிட்டார். ஒரு தாய், குரலிலேயே நல்ல மனிசி. மகளுக்குக் கிளெமென்றைப் பேசுகிறார்களாம்.

சட்டம் எழுதிய கண்ணாடியின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு சொன்னேன். நேரம் தவறாதவர். குடிப்பதில்லை, புகைப்பதில்லை. பியோனைக்கூட அதட்டமாட்டார். தாயைப் பற்றிக் கதைத்தால் குரல் தாழும். கோபம் வந்தால் யன்னலடிக்குப் போய் நின்று கப்பல் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். எட்டு நிமிசம் சொன்னேன். துரைக்கு வந்த இரண்டு அழைப்பு காத்துக் கிடந்தது.

"இவ்வளவும் கவனிச்சிருக்கிறீங்க பிள்ளை" என்றார் அந்தத் தாய்.

"பக்கத்து மேசை" என்றேன்.

ஓகஸ்ட் 2, வெள்ளி

கிளெமென்றுக்குக் கலியாணம் சரி. எங்கள் கொட்டாஞ்சேனைப் பங்குப் பிள்ளையாம், பெயர் எமில்டா. கோயிலில் நிச்சயம் செய்கிற வார்த்தைப்பாடும் முடிந்துவிட்டது. கந்தோருக்கு மஸ்கற் இனிப்பு வந்தது. இரண்டு துண்டு எடுத்தேன். நல்ல காரியம் செய்தவளுக்குரிய நிம்மதி எனக்கு வந்திருக்க வேணும். தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஓகஸ்ட் 4, ஞாயிறு

பூசையால் வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தோம், நானும் மதினியும். கந்தோரில் கிளெமென்ற் என்பவருக்குக் கலியாணம் என்று சும்மா சொன்னேன். மதினியின் கை நின்றது.

"ஆர், மட்டக்குளிப் பொடியனோ? கடவுள் காப்பாற்றினார். அவனை உனக்கெல்லே கேட்டு வந்தது."

கத்தி என் கையிலா மதினியின் கையிலா இருந்தது, நினைவில்லை.

அவருடைய தாய் ஆள் விட்டுக் கேட்டாராம். பொடியனே ஆசைப்பட்டதாம். அண்ணாவுக்கும் சம்மதம். கந்தோரில் எப்படி என்று மட்டும் விசாரிக்கச் சொல்லி மதினியின் வெள்ளவத்தை மாமாவிடம் விட்டார்களாம். றெயில்வேயில் இருந்து பென்சன் எடுத்தவர். எங்கள் பிள்ளையும் அங்கேதான் வேலை என்று காட்டிக்கொள்ளாமல் கேட்டாராம். "போனில ஒரு வெள்ளைக்காரி. ஒரு சொல்லுச் சொல்லமாட்டன் எண்டிட்டாளாம். அவ்வளவு மோசமான ஆள் போல எண்டு மாமா சொன்னார். அதோட விட்டாச்சு."

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மதினி?"

"உன்னட்டயோ? நல்லவர் எண்டு நீ சொன்னா அது ஒரு கதை, கெட்டவர் எண்டா அது வேற கதை. பொம்பிளைப் பிள்ளையிட்ட ஆரும் அதைக் கேப்பினமே?"

கேட்கமாட்டார்கள்தான். கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்? டைப்பிஸ்டுக்கு அதெல்லாம் தெரியாது என்றிருப்பேன்.

அந்த வாய்த் துடுக்குக்காரி நான்.

ஓகஸ்ட் 5, திங்கள்

முப்பத்தெட்டு அழைப்புகள்.

ஓகஸ்ட் 7, புதன்

சொல்லிவிடுவது என்று போனேன். உங்களை வேண்டாமென்றது எங்கள் வீடில்லை, நான். நானுமில்லை, தெரியாமல். அதாவது தெரிந்துதான், ஆனால் எனக்கென்று தெரியாமல்... இதை எந்த மொழியில் எங்கே தொடங்குவது?

அவருடைய மேசையடியில் நின்றேன். "என்ன மிஸ் கொறைரா?" என்றார். இப்போதெல்லாம் மிகவும் மரியாதை. தன்னை வேண்டாமென்ற வீட்டுப் பெண்ணோடு வேறெப்படிக் கதைப்பார்?

"துரை கூப்பிடுறார்" என்றேன்.

எழும்பிச் சட்டையைச் சரிசெய்துகொண்டு போனார். துரை கூப்பிடவில்லை. திரும்பி வந்து என்னைப் பார்த்தார், பிறகு யன்னலடிக்குப் போய் நின்றார். வார்த்தைப்பாடு கொடுத்த மனிசன். எட்டு நிமிசம் என் வாயைக் கேட்டுச் சந்தோசப்பட்ட தாய் ஒருத்தி அங்கே இருக்கிறார். இதற்குமேல் நான் எதைச் சொன்னாலும் இன்னொரு பிள்ளையின் தலையில்தான் விழும். போதும்.

செப்தெம்பர் 1, ஞாயிறு

பூசையில் அவர்களுடைய கலியாண அறிவித்தல், முதலாம் ஓலை, வாசித்தார்கள். "இந்த விவாகத்துக்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் சுவாமியாரிடம் அறிவிக்கக் கடவார்கள்."

என்னென்ன விக்கினம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறேன். இரத்த உறவு, முந்திய விவாகம், கன்னியாஸ்திரிகளின் கன்னிமை வார்த்தைப்பாடு. டெலிபோன் அதில் இல்லை.

செப்தெம்பர் 8, ஞாயிறு

இரண்டாம் ஓலை. அது காதில் விழக்கூடாதென்று, வெயிலில் தலையிடிக்கும் என்று சொல்லி விடியப் பூசைக்கே போய் வந்துவிட்டேன். அதிலும் வாசித்தார்கள்.

செப்தெம்பர் 15, ஞாயிறு

மூன்றாம் ஓலை. கிளெமென்றும் வந்திருந்தார். பூசை முடிந்து வாசலில் இறங்கும்போது, தப்ப வழியில்லாமல் எதிரே நின்றார். பக்கத்தில் ஒரு அம்மா. என் பக்கத்தில் மதினி.

"மாமி, இவதான் எங்கட கந்தோரில போன் எடுக்கிற மிஸ் கொறைரா" என்றார்.

அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஐயோ மகள், போனில கதைச்ச பிள்ளை நீயே? நாங்க தயங்கிக்கொண்டுதான் இருந்தனாங்க. ஏற்கெனவே மூண்டு இடம் விட்டுப் போட்டுதெண்டு சனம் கதைச்சுது. நீ அண்டைக்குச் சொன்ன சொல்லை நம்பித்தான் பிள்ளையைக் கொடுக்கிறன்."

கிளெமென்ற் என்னைப் பார்த்தார். அவருக்கு இது புதுச் செய்தி என்று முகம் சொன்னது. "நீங்களா?" என்றார். அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

 வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றும்போது மதினி கேட்டார்.

"அப்ப, கந்தோரில போன் எடுக்கிறது நீயோ?"

"ஓம்."

"எங்கட மாமாவோட கதைச்சதும்?"

"ஓம் மதினி."

அண்ணா உள்ளேயிருந்து என்ன பேச்சு என்று கேட்டார். "ஒண்டுமில்லை, வெயில் எண்டு சொன்னனான்" என்றார் மதினி.

மத்தியானம் சோறு போடும்போது பாரை மீனின் நடுத்துண்டை அண்ணாவுக்கு வைக்காமல் என் சோற்றுக் கோப்பையில் வைத்தார். அண்ணா பார்த்தார், வால் துண்டை எடுத்துக்கொண்டார். நான் அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை மதினி பக்கத்திலேயே இருந்தார்.