சாக்குச் சுற்றிய குழாய்

இன்று காலை தண்ணீர்த் தாங்கியிலிருந்து இறங்கும் குழாய்க்கு ஈரச் சாக்குச் சுற்றினேன். மாங்குளத்து வெயில் உனக்குத் தெரியாததா? மத்தியானம் குழாயைத் திறந்தால் தேத்தண்ணியே போடலாம். நனைந்த சணலின் மணம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது, மச்சான்.

நீ இங்கிலாந்து போன புதிதில், உனக்கு அது முதல் பனிக்காலம். வீட்டைச் சூடாக்கும் பொயிலர் நின்றுவிட்டது. பிள்ளை பிறந்து பத்தே நாள். "வெளியாலை போற பைப் ஐஸாக் கட்டிபட்டிட்டுதடாப்பா!" என்று தொலைபேசியில் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்தது. மல்லாவி ஊரெல்லாம் என்னோடு குழாய் பொருத்தித் திரிந்தவனுக்கு, குழாய்க்குள் ஐஸ்! அது என்ன தண்ணீர், எங்கிருந்து வருகிறது, ஏன் வெளியே போகிறது என்று குடைந்தேன்.

"புகைக்குள்ள இருக்கிற ஈரம் தண்ணியாகிச் சொட்டுச் சொட்டாப் போகுது. மெல்லிய பைப். அது அடைச்சா பொயிலர் தானா நிண்டிடும்" என்று பல் நடுங்க விளக்கினாய்.

இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி இளக்கினாய். திரும்ப உறையாமலிருக்க வழி சொன்னவன் நான். "சாக்கைச் சுத்திக் கட்டு, மச்சான்." பெரிய எஞ்சினியர்! வெயிலைத் தடுக்கிற சாக்கு குளிரைத் தடுக்காதா என்ன? நீயும் அரிசிச் சாக்கைச் சுற்றினாய். தூறலில் அது நனைந்து, சாக்கும் குழாயும் ஒரே ஐஸ் கட்டியாகின. வீடு குளிர்ந்து, பிள்ளைக்குச் சளி கட்டி, ஆசுபத்திரிவரை போனது. அவள் தேறும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ ஒரு வார்த்தை ஏசவில்லை.

பிறகு தடித்த குழாய் மாற்றி, சரிவு வைத்து, நனையாத நுரைக்குழல் போர்த்தினாய். ஒவ்வொன்றையும் வீடியோவில் காட்டினாய். "தண்ணி தேங்கினாத்தான் கரைச்சல். ஓட விடு" என்றாய்.

நீ கண்மூடியபின் வரும் முதல் பனிக்காலம் இது. போன கிழமை உன் மனைவி தொலைபேசி எடுத்தார். "அண்ணை, அந்தப் பைப்பிலை என்னத்தைப் பாக்கவேணும்?"

நுரை கிழிந்திருக்கிறதா, குழாய் எங்காவது தொய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அதோடு தொலைபேசியை வைத்திருக்கலாம். மனம் கேட்கவில்லை. "தங்கச்சி, அண்டைக்குச் சாக்குச் சுத்தச் சொன்னது நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அப்பிடியோ அண்ணை? அது தன்ரை விசர் வேலை எண்டுதானே இவர் கடைசிமட்டும் சொன்னவர். நானும் நெடுக ஏசினனான்."

அட பாவி! இத்தனை வருசமும் என் பிழைக்கு நீ ஏச்சு வாங்கியிருக்கிறாய். இனி அந்தப் பிழையை நானே வைத்துக்கொள்கிறேன், மச்சான்.