சிவப்பு நூல் கட்டிய திறப்பு

என் சிநேகிதிக்கு,

இன்று காலை பூங்காக் கட்டடத்தின் கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. ஈரச் சப்பாத்து, பனிச்சறுக்குப் பிள்ளைகள் விட்டுப்போன கையுறை, தரை துடைக்கிற எலுமிச்சைத் தண்ணீர் எல்லாம் கலந்த வாடை. நீ இருந்திருந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஆரடி இதுக்குள்ளை சொக்ஸ் காயப்போட்டது?" என்று கேட்டிருப்பாய். ஞாயிறு தவறாமல் கேட்பாய், நானும் முதல்தரம் கேட்பதுபோலச் சிரிப்பேன். இன்று தனியே நின்று யன்னலைத் திறந்துவிட்டேன்.

பூட்டும் மாறவில்லை. கதவை இழுத்துப் பிடித்து, கொஞ்சம் மேலே தூக்கி, பிறகுதான் திறப்பைப் போட்டுத் திருப்ப வேண்டும். திறப்பில் நீ கட்டிய சிவப்பு நூல் அழுக்கேறி மண்ணிறமாகிவிட்டது. மூன்று வருடமாக அது என் குளிர் ஜாக்கெட் பைக்குள் கிடக்கிறது. இன்று அதே பைக்குள் வீட்டுக்காரரின் கடிதமும் கிடந்தது.

அந்தக் கடிதம் உனக்குத் தெரியாததல்ல. குளிர்காலம் முடியுமுன் எல்லா வீட்டுக்கும் வருவதுதான். ஜூலையில் வீட்டை விடுவதென்றால் ஒரு மாதத்துக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். எழுதாவிட்டால் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சம்மதம் என்று அர்த்தம். நாளையோடு எனக்கு அந்த மாதம் முடிகிறது. கர்க்லாண்டில் மகள் வாங்கிய வீட்டில் எனக்கென்று ஓர் அறை ஆயத்தமாக இருக்கிறது. "கட்டிலும் வாங்கியாச்சு அம்மா. நீங்கள் வாறதுதான் மிச்சம்" என்கிறாள். பேரனைப் பிள்ளை பராமரிக்கும் கார்டரியில் இருந்து கூட்டிவர ஆள் வேண்டும். எனக்கும் அவன் பக்கத்தில் இருக்க ஆசைதான். இங்கே மூன்றாம் மாடியின் வெளிப்படிகளில் உறைபனி பிடித்தால், கம்பியைப் பற்றிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குகிறேன்.

போகவேண்டியதுதானே என்று கேட்பாய். நீ கேட்கலாமா? என்னை இதில் மாட்டிவிட்டவளே நீதானே.

நாம் இங்கே வந்தபோது இந்த வட்டாரத்தை நீ ஒரே நாளில் நடந்து அளந்துவிட்டாய். ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் பெருந்தெரு, நடுவில் ஒரு நூலகம், ஒரு நீச்சல் குளம், பாலும் பாணும் விற்கும் இரண்டு டெப்பனர் கடை, ஒரு பூங்கா. "அரை மணித்தியாலத்திலை முடிஞ்சுபோச்சு. இதைப் போய் ஊர் எண்டு சொல்லுறாங்கள்" என்றாய். இருவரும் சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடுக்கும் வேலைக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். வேலை, பஸ், வீடு என்று வருடங்கள் ஓடின.

எல்லாம் மாறியது அந்தச் சோள விழாவில். கோடை முடியும்போது பூங்காவில் பெரிய அண்டாக்களில் சோளம் அவித்து ஊருக்கே கொடுப்பார்கள். எல்லாரும் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நீ கைப்பையில் இருந்து மிளகாய்த்தூளும் உப்பும் எடுத்தாய், பாதி தேசிக்காயால் தேய்த்தாய். முதலில் ஒரு கிரேக்கக் கிழவர் தன் சோளத்தை நீட்டினார். பிறகு ஹெயிட்டிப் பெண்கள் வந்தார்கள். கடைசியில் வட்டாரக் கவுன்சிலரே சோளத்தோடு வரிசையில் நின்றார். கண் கலங்க மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உங்கள் ஆட்களுக்கு ஏதாவது தேவையா என்று உன்னிடம் கேட்டார். பஸ்ஸில் பொறுக்கிய பிரெஞ்சில் நீ சொன்னாய்: "ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை."

அப்படித்தான் இந்த அறை கிடைத்தது. பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, பெரியவர்களுக்கு ஒரு தேத்தண்ணி, வேலை தேடுகிறவனுக்கு ஒரு விலாசம். கலியாணம் பேசியதும் கோபித்ததும் சமாதானமானதும் இதற்குள்தான். வட்டாரம் ஒரேயொரு நிபந்தனை போட்டது. பொறுப்பாளர் இந்த வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஆகஸ்டும் விலாசம் காட்டிக் கையெழுத்து வைத்தால்தான் அடுத்த வருடத்துக்கு அறை. நீ பொறுப்பெடுத்தாய். அன்று அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. எல்லாரும் இங்கேதானே இருந்தோம்.

பிறகு ஒவ்வொருவராக வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். புரோசார்ட், கர்க்லாண்ட் என்று போனவர்கள் ஞாயிறுகளில் மட்டும் காரில் வந்து இறங்கினார்கள். நீ போகவில்லை. "இந்த நாலு தெருவை விட்டால் எனக்கு மூச்சு முட்டும்" என்பாய். "ஓம் ஓம், நீ இல்லாட்டி இந்த ராச்சியம் கவிழ்ந்துபோகும்" என்று நான் நக்கலடிப்பேன். உனக்குப் பதவி ஆசை என்றே நினைத்திருந்தேன். அதைப் பிறரிடம் சொல்லியும் இருக்கிறேன். மன்னித்துக்கொள்.

உன் முழங்கால் மோசமான அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், எல்லாரும் போனபிறகு, நான் குசினித் தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நீ பின்னால் வந்து நின்றாய். "இஞ்சை, இந்தத் திறப்பைக் கொஞ்ச நாளைக்கு நீ பிடிக்கிறியே?" என்று கேட்டாய். "கை ஈரமடி, பேந்து பாப்பம்" என்றேன். நீ திறப்பைக் கைப்பைக்குள் போட்டாய். பிறகு நீ கேட்கவும் இல்லை, நான் பார்க்கவும் இல்லை. அடுத்த குளிர் வருமுன் உன் இதயம் நின்றுவிட்டது.

உன் முப்பத்தோராம் நாள் சாப்பாடும் இதே அறையில்தான். உன் தங்கை புரோசார்ட்டில் இருந்து வந்திருந்தாள். "அக்காவுக்கெண்டு கீழை ஒரு அறை ஒதுக்கி வைச்சிருந்தனாங்கள். எத்தினை தரம் கேட்டும் வரமாட்டன் எண்டிட்டா" என்று அழுதாள். சாப்பாடு முடிந்து ஆட்கள் போகும்போது யாரோ திறப்பை என் கையில் வைத்தார்கள். "இப்போதைக்கு நீங்கள் வைச்சிருங்கோ அக்கா. நீங்கள்தானே பக்கத்திலை இருக்கிறியள்." இப்போதைக்கு என்ற சொல்லின் நீளம் எனக்கு அன்று தெரியாது.

போன ஆகஸ்டில் கையெழுத்து வைக்கப் போனபோது, வட்டார அலுவலகக் கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் மெல்லக் கேட்டேன், வேறு ஊரில் இருக்கும் ஒருவர் பொறுப்பெடுக்கலாமா என்று. அவள் தலையசைத்துச் சிரித்தாள். "நீங்களுமா? உங்கள் சிநேகிதியும் ஒவ்வொரு வருடமும் இதைத்தான் கேட்பார். முடியாது என்பேன். பிறகு கையெழுத்து வைப்பார்."

ஒவ்வொரு வருடமும்! நூலகத்துக்கு முன்னால் இருக்கிற வாங்கில் போய் இருந்துவிட்டேன். உனக்கு மூச்சு முட்டியது இந்த நாலு தெருவுக்குள்தான். எங்களிடம் ஏன் மாற்றிச் சொன்னாய்? முதலில் உன்மேல் எரிச்சல்தான் வந்தது. வாய் திறந்து, எனக்கு ஏலாது, நான் போறன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. நான் உன்னைப்போல வாய்மூடி இருக்கமாட்டேன் என்று அன்று முடிவெடுத்தேன்.

அதைத்தான் இன்று செய்தேன். தேத்தண்ணி நேரம் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "ஜூலையோடை நான் மகளிட்டைப் போறன். இந்த வட்டாரத்திலை இருக்கிற ஆராவது திறப்பை எடுங்கோ." இங்கே இன்னும் மூன்று குடும்பம்தான் மிச்சம். ஒருவருக்கு ஞாயிறும் வேலையாம். ஒருவர் மகனின் சோதனை முடியட்டும் என்றார். மூன்றாமவர் குனிந்து பிள்ளையின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார், நிமிரவே இல்லை. "பேந்து ஆறுதலாக் கதைப்பம் அக்கா" என்று ஒரு குரல் வந்தது. உடனே வடைத் தட்டு சுற்றி வந்தது.

அவர்களை எப்படித் திட்டுவது? எல்லாம் நல்ல சனம். எனக்கு முதுகுவலி என்றால் நாலு வீட்டில் இருந்து சாப்பாடு வரும். ஆனால் வடைத் தட்டை வாங்கி அப்படியே அடுத்தவரிடம் கொடுத்தேன். சுகமில்லை என்று சொல்லி ஜாக்கெட்டைப் போட்டேன். திறப்பைத் தேத்தண்ணிப் போத்தலுக்குப் பக்கத்தில், சிவப்பு நூல் எல்லாருக்கும் தெரியும்படி வைத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் தரிப்பு வரைக்கும் வெறும் பையுடன் நடந்தேன். உண்மையாகச் சொல்கிறேன், உடம்பு லேசாக இருந்தது. பஸ் வளைவில் திரும்புவதும் தெரிந்தது.

"அக்கா! அக்கா!"

சென்னையில் இருந்து வந்த கம்ப்யூட்டர் வேலைத் தம்பி, புரோசார்ட்டில் இருந்து மகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிவருகிறவர், ஜாக்கெட் கூடப் போடாமல் பனிச் சேற்றில் ஓடி வந்தார். கையில் சிவப்பு நூல் ஆடியது. "சாவிய டேபிள் மேலயே விட்டுட்டீங்க அக்கா. நல்லவேளை, நான் பாத்தேன்" என்று மூச்சு வாங்கச் சிரித்தார். "நான் மட்டும் இந்தப் பக்கம் குடியிருந்தா நானே வாங்கிக்குவேன்" என்றும் சொன்னார். பொய் சொல்கிற முகமில்லை அது. நான் கை நீட்டினேன். "பெரிய உதவி தம்பி" என்று வேறு சொன்னேன். பஸ்ஸை விட்டுவிட்டு அவரோடு திரும்பி நடந்து, எல்லாரும் போகும்வரை இருந்து, கதவைத் தூக்கிப் பிடித்துப் பூட்டினேன்.

இப்போது வீட்டில், மேசையில் வீட்டுக்காரரின் கடிதமும் திறப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. மகள் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டாள். "எழுதிட்டியளா அம்மா?" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அதற்குத்தான் பேனாவை எடுத்தேன். இந்த மூன்று பக்கமும் உனக்குப் போய்விட்டன, அந்தக் கடிதத்துக்கு ஒரு வரியும் எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

உனக்கும் யாராவது இப்படி ஓடிவந்து திறப்பைத் திருப்பித் தந்தார்களா தெரியாது. நான் செய்தது அதைவிட மோசம். அன்று தொட்டியில் கழுவக் கோப்பை ஒன்றும் இருக்கவில்லையடி. எல்லாம் கழுவித் துடைத்து முடிந்திருந்தது. நீ திறப்போடு வருவது யன்னல் கண்ணாடியில் தெரிந்தது. நான்தான் குழாயைத் திரும்பத் திறந்து கையை நனைத்தேன்.