ஏழாம் டவரின் மழை

கருங்குன்று மழைக்கணிப்பு நிலையம்
2046 அக்டோபர் 19. பதிவு: நசீமா, வானிலையாளர்

காலை 11:10
மலையைச் சுற்றி ஒன்பது செல்போன் டவர்கள். எல்லா இணைப்பும் சரி. ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சிக்னலை இடையில் பெய்யும் மழை குறைத்துவிடும். எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து மழையைக் கணக்கிட்டு, அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு முன்னறிவிப்பு தருகிறேன். சூரியப் புயலில் செயற்கைக்கோள்கள் செயலிழந்த பிறகு இந்த மலைக்கு இது ஒன்றுதான் வழி. இன்று தூறல் மட்டும்.

பகல் 12:25
ஆற்றோரம், டவர் 2க்கும் 3க்கும் நடுவே, மணிக்கு 60 மி.மீ. மழை, ஏறுகிறது. ஆற்றோரத் தொழிலாளர் லயன் வீடுகளைக் காலி செய்யச் சொல்லி எச்சரிக்கை விட்டேன். எல்லாரும் டவர் 7க்குப் பக்கத்திலுள்ள எஸ்டேட் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே மழை இல்லை. டவர் டெக்னீஷியன் அருள்தாஸ் ஆட்களைக் கூட்டிப்போகிறார்.

1:40
அருள்தாஸ், போனில்: "இருநூறு பேருக்கு மேல வந்துட்டாங்க மேடம். பிள்ளைங்களுக்கு பிஸ்கட் குடுத்தாச்சு. இங்க வெயிலடிக்குது."
நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

2:14
மழை ஆற்றை விட்டு மேலேறுகிறது. டவர் 7க்கும் 8க்கும் இடையே 90. நகராமல் அங்கேயே நிற்கிறது. பள்ளியின் பின்சுவரை ஒட்டி, ரோடு போட வெட்டிய செங்குத்து மண்மேடு. அதை நான் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கை விடும்போது நினைவுக்கு வரவில்லை.

2:31
140. போன் போகவில்லை. நான் அளக்கும் மழையே என் அழைப்பை மறிக்கிறது. வாக்கி டாக்கியில் அருள்தாஸ் கிடைத்தார்.
"எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போங்க. மேற்கு மேட்டுக்கு."
"இந்த மழையிலயா? நீங்க சொல்லித்தானே மேடம் இங்க வந்தாங்க."
"நான் சொன்னது தப்பு, அருள்தாஸ்."
"சரி. கெளப்புறேன்."

2:48
170.
"பாதிக்கு மேல ஏறிட்டாங்க மேடம். டீச்சர் முன்னால போறாங்க. கொஞ்ச பேரு வரமாட்டேங்கறாங்க, கைக்குழந்தைய வச்சிக்கிட்டு எப்படி நனையறதுன்னு. உள்ள போய்ப் பேசிப் பாக்குறேன்."
போகாதீங்க என்றேன். காதில் விழுந்ததா, தெரியவில்லை.

2:57
டவர் 7 இல்லை.
மழை சிக்னலைப் படிப்படியாகத்தான் குறைக்கும். இது ஒரே நொடியில் அறுந்தது. கணினி இதையும் மழை என்றே எடுத்துக்கொண்டு, 'அளவு கடந்த மழை' என்று காட்டுகிறது. மழை அல்ல. மண்.
வாக்கி டாக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். பதில் இல்லை.

3:50
மழை விட்டுவிட்டது. மீதி இணைப்புகள் எல்லாம் தெளிவு. டவர் 7ஐ இழந்த போன்கள் இப்போது டவர் 6ஐப் பிடிக்கின்றன. திரையில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. நூற்றுப் பதினெட்டு, மேற்கு மேட்டில், அசைகின்றன. பத்தொன்பது, பள்ளி இருந்த இடத்தில். அசையவில்லை.

3:58
மீட்புக் குழுவிடம் பேசினேன். ரோடு துண்டாகிவிட்டது, வந்து சேர மூன்று மணி நேரம் ஆகுமாம். பத்தொன்பது எண்களையும் வரிசையாக அழைக்கிறேன். மணி அடிக்கிறது. அடித்து அடித்து நிற்கிறது. அடுத்தது. அதுவும் அப்படியே. இதுவரை ஏழு.
எட்டாவது அருள்தாஸ்.

4:06
எடுத்தார். முதலில் மூச்சு மட்டும்.
"மேடம். இருட்டா இருக்கு. காலு வரல. பக்கத்துல ரெண்டு மூணு பேரு முனகுறாங்க."
ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார். சீக்கிரம் என்றேன்.

4:19
பேசிக்கொண்டே எழுதுகிறேன். போனை வைத்துவிடாதீர்கள் என்கிறார். வைக்க மாட்டேன் என்றேன்.
டவர் 6ஐச் சுற்றி மறுபடி மழை, 25. அவரிடம் சொல்லவில்லை.

4:24
55. "கேக்குதா மேடம், கேக்குதா" என்கிறார். கேக்குது. எனக்குக் கேக்குது. அவருக்குத்தான்

4:27
90. லைன் அறுந்துவிட்டது.